குடத்துக்குள் போகாத ஓலை

அன்புள்ள ஐயா,
பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், சமூக அறிவியல். செங்கல்பட்டில் ஒரு பள்ளியில் கற்பித்தல் பயிற்சி. வகுப்புக்கு உதவும் இணையதளங்கள், செயலிகள் எவை? ஆய்வுத்திறனை வளர்த்துக்கொள்ள எங்கே தொடங்குவது? அடுத்த வாரம் குடவோலை முறை எடுக்கிறேன், ஸ்லைடு தயார்.
க.

அன்புள்ள க.,

செயலிகளைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, உங்கள் வகுப்புத் தோழர்களே நன்றாகச் சொல்வார்கள். தமிழிணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது, இலவசம். தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது, ஒருமுறை நேரில் போய் உட்காருங்கள். சரி, அது போதும். உங்கள் கடைசி வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. பாடத்தைப் படிக்கும் முன்பே ஸ்லைடு தயாராகிவிட்டதா?

நான் பள்ளியில் படித்தபோது எங்கள் வரலாற்று வாத்தியார் இதே குடவோலையை நடத்தினார். சோழர் காலத்தில் ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் எடுக்க, ஓலையில் பெயர் எழுதி, குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள் என்றார். நான் எழுந்து, "சார், எங்க தாத்தா பேரையும் போட்டிருப்பாங்களா?" என்று கேட்டேன். தாத்தா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழுதவர். வாத்தியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "தெரியலைடா, பார்த்துட்டு வரேன்" என்றார். அடுத்த வாரம் நூலகத்திலிருந்து கல்வெட்டின் வாசகத்தைத் தன் கையால் நாலு பக்கம் எழுதி எடுத்து வந்தார். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு (வேலி என்பது அந்தக் கால நில அளவு) மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அரைக்கால் வேலி மட்டும் இருந்தால் ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் (உரை நூலும்) கற்றிருக்க வேண்டும். படித்துவிட்டு என்னைப் பார்த்து, "போட்டிருக்க மாட்டாங்கடா" என்றார். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது, ஆனால் வரலாறு என்பது என் வீட்டைப் பற்றியது என்று முதன்முதலாகத் தெரிந்ததும் அன்றைக்குத்தான்.

நீங்கள் கேட்ட ஆய்வுத்திறன் அந்த நாலு பக்கம்தான்.

குடவோலை விதிகளைச் சொல்லும் கல்வெட்டு உத்திரமேரூரில் ஒன்று அல்ல, இரண்டு. சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டில் ஒன்று, 14ஆம் ஆண்டில் இன்னொன்று. அதாவது 919, 921. முதலாவதில் வயது 30க்கு மேல் 60க்குள். இரண்டே வருடத்தில் அது 35க்கு மேல் 70க்குள் என்று மாறிவிட்டது. ஏன் மாற்றினார்கள்? அந்த இரண்டு வருடத்தில் என்ன நடந்தது? வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவன் உறவினர்களும் நிற்கக் கூடாது என்று அவ்வளவு நீளமாக ஏன் கல்லில் வெட்டினார்கள், யார் யாரைப் பார்த்துப் பயந்தார்கள்? "உலகின் பழைய ஜனநாயகம்" என்று ஸ்லைடில் பெரிய எழுத்தில் போட்டு அடுத்ததற்குப் போய்விட்டால், இதில் ஒரு கேள்வியாவது பிள்ளைகளுக்கு வருமா? அது பிராமண ஊர்ச் சபை, பெண்களும் நிலமில்லாதவர்களும் அதில் இல்லை என்பதைப் பெருமையோடு சேர்த்தே சொல்லுங்கள். உங்கள் கடைசி பெஞ்சில் ஒரு கூலிக்காரரின் பேரன் உட்கார்ந்திருப்பான்.

ஸ்லைடை மூடி வையுங்கள். செங்கல்பட்டிலிருந்து உத்திரமேரூருக்கு பஸ் இருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர் முன்னால் ஒரு மணி நேரம் நில்லுங்கள், ஒரு வரிகூடப் படிக்க வரவில்லை என்றாலும் பரவாயில்லை. வந்து எனக்கு எழுதுங்கள், அந்த வயது ஏன் மாறியது என்று உங்களுக்குத் தோன்றுவதையும் சேர்த்து.