திருட வந்தவர் நஷ்டஈடு கேட்கலாமா?

அன்புள்ள ஐயா,

கானாடுகாத்தானில் எங்கள் பூர்விக வீடு இருக்கிறது, நாங்கள் சென்னைவாசிகள். போன கார்த்திகையில், நள்ளிரவில் கதவைப் பெயர்த்து நுழைந்த ஒருவரைக் காவல்காரர் கம்பால் அடித்ததில் அவருக்குக் கால் முறிந்தது. தற்காப்பு என்று போலீஸார் வழக்கை முடித்துவிட்டார்கள். இப்போது காவல்காரருக்கும் எனக்கும் நஷ்டஈடு கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. இது செல்லுமா? பின்சுவரில் மின்கம்பி போடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கேட்கலாம், கிடைக்குமா என்பது வேறு. போலீஸார் வழக்கை முடித்தது சிவில் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதா, இரவில் கதவை உடைத்து நுழைபவருக்கு எதிராக மிகப் பரந்த தற்காப்புரிமையைத் தருகிறது. தேவைக்கு மிஞ்சிய தீங்கு கூடாது என்று 37ஆம் பிரிவில் எல்லையும் கட்டுகிறது. இழப்பீட்டு வழக்கிலும் தற்காப்பு நல்ல எதிர்வாதமே. ஆனால் அடி அளவோடுதான் இருந்தது என்பதை அடித்தவர் தரப்பே காட்ட வேண்டும்.

ஆகவே எந்த அடியில் கால் முறிந்தது என்பதே முக்கியம். அதை நீங்கள் எழுதவில்லை. வளவில் (உள்முற்றத்தில்) கடப்பாரையோடு எதிர்ப்பட்டபோது விழுந்த அடி என்றால் கவலை குறைவு. வெறுங்கையோடு பின்சுவரில் ஏறிக்கொண்டிருந்தவரின் காலில் விழுந்தது என்றால் ஆபத்து நீங்கிய பிறகு விழுந்த அடியாகிவிடும். நம் செட்டிநாட்டு வீடுகளோ ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீள்பவை. துரத்திய தூரம் முழுவதையும் குறுக்குவிசாரணையில் அளப்பார்கள்.

காவல்காரர் உங்கள் சம்பளத்தில், உங்கள் வேலையின்போது செய்ததற்கு நீங்களும் பொறுப்பாளியாகலாம். (யாரிடம் வசூலிக்க முடியும் என்பதும் எதிர்த்தரப்பு வக்கீலுக்குத் தெரியும்.) இங்கிலாந்தில், கொட்டகைக்குள் படுத்திருந்த முதியவர் கதவுத் துளை வழியே சுட்டதில் காயமுற்ற திருடருக்கு, அவர்மேல் உள்ள தவறுக்காக மூன்றில் இரண்டு பங்கைக் கழித்து, மீதியைத் தரச் சொன்ன தீர்ப்பு உண்டு. அது நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்றாலும் வாதத்தில் எடுத்துக்காட்டப்படலாம்.

மின்கம்பி வேண்டவே வேண்டாம். பீகாரில் தன் கழிப்பறைக்குள் பிறர் வராதிருக்க மின்சாரம் பாய்ச்சிய கம்பி கட்டியவர், அதில் ஒரு பெண் இறந்ததற்காகத் தண்டிக்கப்பட்டார். அவள் அத்துமீறி நுழைந்தவள் என்ற வாதத்தை 1963இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அப்படி ஒருவர் இறந்தால், 1855ஆம் ஆண்டின் சட்டப்படி குடும்பத்தாரும் இழப்பீடு கேட்கலாம்.

நோட்டீஸுக்குப் பதில் அனுப்பாமல் விடாதீர்கள். பெயர்த்த கதவைப் படமெடுத்த பிறகே ஆசாரியைக் கூப்பிடுங்கள். காவல்காரர் சொல்வதை உங்கள் வக்கீல் முன்னிலையில் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.