சட்டக் கேள்வி–பதில்: அண்ணன் சொல்வதுதான் விலையா?

கேள்வி: எங்கள் குடும்பம் நடத்தும் பவுண்டரி (உலோக வார்ப்பாலை) ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனம்; அதில் எனக்கு 20 சதவீதப் பங்கு உண்டு. அண்ணனோடு ஒத்துப்போகாமல் சென்ற ஆண்டு இயக்குநர் பதவியை விட்டு விலகினேன். பங்கு ஒன்றுக்கு முகமதிப்பான 10 ரூபாய்தான் தருவேன் என்கிறார். வெளியாருக்கு விற்கவும் விடமாட்டேன் என்கிறார். தீர்ப்பாயத்துக்குப் போகலாமா?
– வாசகர், கோவை

பதில்: போகலாம், ஆனால் எடுத்த எடுப்பிலேயே வேண்டாம். பங்கு மூலதனத்தில் பத்தில் ஒரு பகுதி வைத்திருப்பவர் 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 241-ஆவது பிரிவின்கீழ், நிறுவனத்தை நடத்துபவர்களின் ஒடுக்குமுறைக்கு எதிராக மனுச் செய்யலாம் என்பதால் உங்களுக்குத் தகுதி இருக்கிறது. ஒடுக்குமுறை நிரூபணமானால், உங்கள் பங்கை மற்ற பங்குதாரர்களோ நிறுவனமோ வாங்கிக்கொள்ளும்படி தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் உத்தரவிட முடியும். ஆனால் விலை படியவில்லை என்பது மட்டுமே ஒடுக்குமுறை ஆகிவிடாது.

முதலில் நிறுவனத்தின் ஆர்ட்டிகிள்ஸை, அதாவது அதன் உள்விதிகள் அடங்கிய ஆவணத்தை, படியுங்கள். பங்கை விற்பதானால் முதலில் மற்ற பங்குதாரர்களுக்குத் தர முன்வர வேண்டும் என்ற விதியும், விலையை யார் நிர்ணயிப்பது என்ற விதியும் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். அதில் எழுதப்படாமல், குடும்பத்துக்குள் பேசி முடித்த கட்டுப்பாடு பங்கு மாற்றத்தைத் தடுக்காது என்று ரங்கராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. அதுவும் ஒரு குடும்ப நிறுவனத்தின் சண்டைதான்.

விலைக்கு வருவோம். முகமதிப்பு என்பது பங்குப் பத்திரத்தில் அச்சடித்த எண். அதற்கும் இன்றைய மதிப்புக்கும் தொடர்பில்லை. ஆண்டுக் கணக்குகளைப் பெறும் உரிமை பங்குதாரர் என்ற முறையில் உங்களுக்கு உண்டு. அதில் ‘நிலம்’ என்ற வரியைப் பாருங்கள். பவுண்டரி நிற்கும் இடம் வாங்கிய அன்றைய விலையிலேயே எழுதப்பட்டிருக்கக்கூடும். ஆகவே இருவரும் ஏற்கும் பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரை நியமித்து, அவர் சொல்லும் தொகைக்குக் கட்டுப்படுவதாக முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். நான் பார்த்த வழக்குகளில் பெரும்பாலானவை கடைசியில் இங்கேதான் வந்து நின்றன, சில ஆண்டுகளையும் வக்கீல் கட்டணத்தையும் இழந்த பிறகு.

இன்னொன்றை நீங்கள் எழுதவில்லை. நிறுவனத்தின் வங்கிக் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா? பதவி விலகியதால் அது தானாக நீங்காது. பங்கை விற்றாலும் நீங்காது. உங்களை விடுவித்து வங்கி தரும் கடிதம் வரும்வரை, பங்கு மாற்றப் படிவத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.