டைனமோவா, பிரஷ்ஷா?

கேள்வி: பத்து வருடப் பெட்ரோல் கார். ஐப்பசி மழையில் ரோட்டில் தேங்கிய வெண்ணாற்றுத் தண்ணீரில் ஓட்டிய பிறகு பேட்டரி விளக்கு விட்டு விட்டு எரிகிறது. டைனமோவையே மாற்றச் சொல்கிறார்கள். வீட்டிலேயே மாற்ற முடியுமா?
— வாசகர், நீடாமங்கலம்

பதில்: முடியும். டைனமோ என்பது எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர்தான். கழற்றுவதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். வண்டி ஓடாமல் நின்ற பேட்டரியில் 12.4 முதல் 12.7 வோல்ட் இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்து ஹெட்லைட் போட்டால் 13.8 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறாமல் இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் ஆகவில்லை. 15-ஐத் தாண்டினால், வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில் கோளாறு. எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைப் பிடுங்கிச் சோதிக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது; வோல்ட்டேஜ் எகிறி எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசிஎம்மே போய்விடும், வேண்டாம்.

அடுத்தது டைனமோவைச் சுற்றும் பெல்ட். நனைந்து வழுக்கினாலும் இதே விளக்குதான் எரியும். பெல்ட் சரியாக இருந்தால் பிரஷ்ஷைச் சந்தேகப்படுங்கள்; டைனமோவுக்குள் சுழலும் ஸ்லிப் ரிங் என்ற வளையத்தைத் தொட்டுக் கரண்ட் கொடுக்கும் கார்பன் துண்டு அது. நம் ஊர் வண்டல் மாவு மாதிரி நைஸ். தண்ணீரோடு உள்ளே போய்க் காய்ந்தால் பிரஷ் கூட்டில் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். ஸ்பிரிங் தள்ளினாலும் பிரஷ் நகராது, ஸ்லிப் ரிங்கைத் தொடாது. விட்டு விட்டு எரிவதற்கு இது பொருத்தமான காரணம். பின்மூடியைத் திறந்து பாருங்கள். பிரஷ் 5 மி.மீ.க்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். ரிங் கறுத்திருந்தால் நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும். பேரிங் உறுமினாலோ, ரிங்கில் பள்ளம் விழுந்திருந்தாலோ டைனமோவையே மாற்றுவதுதான் சரி.

மாற்றுவதானால், முதலில் பேட்டரியின் மைனஸ் வயர். இதை விட்டுவிட்டு டைனமோவின் தடித்த வயரில் ஸ்பேனர் வைத்தால், அது பாடியில் பட்ட நொடியில் தீப்பொறிதான். அந்த வயருக்குப் பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் வருகிறது. பிறகு தடித்த வயர், சின்ன ப்ளக். அட்ஜஸ்ட் போல்ட்டைத் தளர்த்திப் பெல்ட்டை எடுத்துவிட்டு, கீழ் போல்ட்டைக் கழற்றுங்கள். துருப்பிடித்து அசையவில்லை என்றால் துரு நீக்கும் ஆயில் அடித்து அரை மணி நேரம் விடுங்கள். முரட்டுத்தனமாகத் திருகினால் போல்ட் முறியும்.

புதியதை வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டு போங்கள். புல்லியின் பள்ளங்களின் எண்ணிக்கை, போல்ட் துளை, ப்ளக், ஆம்பியர் நான்கும் பொருந்த வேண்டும். மாட்டிய பின் பெல்ட்டின் நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய 10 மி.மீ. அமுங்க வேண்டும். அதிகம் இறுக்கினால் புது பேரிங் சீக்கிரம் போகும். பெல்ட்டைத் தானே இறுக்கும் ஆட்டோ டென்ஷனர் உள்ள வண்டிக்கு இந்த வேலையே இல்லை. பேட்டரி இறங்கியிருந்தால் வெளிச் சார்ஜரில் போட்டு ஏற்றிவிட்டு மாட்டுங்கள். செத்த பேட்டரியை நிரப்பச் சொன்னால் புது டைனமோ சூடேறித் திணறும்.

கேள்வி: பழைய டீசல் வண்டிக்கு டைனமோ மாற்றியதிலிருந்து பிரேக் கல்லாக இருக்கிறது. ஏன்?
— வாசகர், நாகப்பட்டினம்

பதில்: சில டீசல் வண்டிகளில் டைனமோவின் பின்னால் பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டருக்காகக் காற்றை உறிஞ்சும் வேக்குவம் பம்பும் சேர்ந்திருக்கும். உங்களுடையது அந்த வகையானால், வேக்குவம் ஹோஸின் கிளிப், பம்புக்கு ஆயில் வரும் பைப், திரும்பும் பைப் மூன்றையும் பாருங்கள். ஆயில் போகாவிட்டால் பம்பு காய்ந்து வேக்குவம் இழுக்காது. சரியாகும் வரை வண்டியை ரோட்டுக்கு எடுக்காதீர்கள்.