மாடியில் பேசும் மருமகள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நாலு ஏக்கர் சொந்த நிலம், கொஞ்சம் குத்தகை. மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். மருமகளும் இரண்டு பேரப்பிள்ளைகளும் எங்களோடு இருக்கிறார்கள். மருமகள் நல்ல பெண், ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் சில மாதங்களாகச் சனிக்கிழமை மூன்று மணி ஆனால் போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுகிறாள். சென்னையில் இருக்கும் ஒரு கவுன்சலிங் அம்மாவிடம் வீடியோவில் பேசுகிறாளாம். மகன்தான் ஏற்பாடு செய்து பணமும் கட்டுகிறான்.

என் மனைவிக்கு இதில் பெரிய வருத்தம். "என்னைப் பத்திதான் சொல்லிக்கிட்டிருப்பா. அவளுக்கு என்ன பைத்தியமா புடிச்சிருக்கு?" என்று அழுகிறாள். பெரியவர்கள் நாங்கள் இருக்கிறோம். சம்பந்தி வீடும் மன்னார்குடியில்தான். மனக்குறை இருந்தால் உட்கார்ந்து பேசலாமே? வீட்டு விஷயத்தை முகம் தெரியாத ஒருவரிடம் கொண்டுபோய்க் கொட்டுவது சரியா? மகனிடம் சொல்லி நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறேன்.

தை மாத மழையில் நெல் நனைந்து கொள்முதல் நிலையத்தில் கிடந்ததிலிருந்து எனக்கே தூக்கம் சரியில்லை. இரண்டு மணிக்கு விழித்தால் விடியும்வரை திண்ணைதான். அதோடு இதுவும் சேர்ந்துகொண்டது.

பெயர் வேண்டாம்.

*

மதிப்பிற்குரிய ஐயா,

நிறுத்தச் சொல்லாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களைப் பிறகு பார்ப்போம்.

உட்கார்ந்து பேசலாமே என்கிறீர்கள். பேசலாம்தான். ஆனால் பெரியவர்கள் கூடி உட்கார்ந்தால் பேச்சு எந்தப் பக்கம் போகும் என்று உங்களுக்குத் தெரியாததா? யார்மேல் தப்பு, யார் விட்டுக்கொடுப்பது என்று போய், கடைசியில் "சரி விடும்மா, கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்று முடியும். வரப்புத் தகராறுக்கு அது பொருந்தும். பாதி ராத்திரியில் காரணமில்லாமல் நெஞ்சு படபடக்கிற பெண்ணுக்கு அந்தத் தீர்ப்பை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அவள் கேட்பது தீர்ப்பே இல்லை. தவிர, கூடத்தில் காலையில் பேசியது சாயங்காலம் மன்னார்குடிக்குப் போய்விடும். அங்கிருந்து நாலு வாய் மாறி, அவள் சொல்லாத ஒன்றாகத் திரும்பி வரும். வாய் திறக்கவே பயமாகத்தான் இருக்கும்.

முகம் தெரியாதவர் என்பதை நீங்கள் குறையாகச் சொல்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிய வசதியாகப் படுகிறது. சென்னையில் இருக்கும் அந்த அம்மாவுக்கு உங்கள் வீட்டில் கொடுக்கல் வாங்கல் கிடையாது. நாளைக்கு ஒரு கல்யாணத்தில் உங்கள் மனைவியை எதிரில் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளப்போவதும் இல்லை. நீங்கள்கூட இதை உங்கள் சம்பந்தியிடம் சொல்லவில்லை, எனக்குத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் உங்கள் மனைவியின் பயம். முறையாகப் படித்த ஆலோசகர் "உங்க மாமியார் எப்படிப்பட்டவங்க" என்று வம்பு கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். "நேத்து காலையில, இன்னும் இட்லி வேகலையான்னு அத்தை கேட்டப்போ உங்க மனசுல என்ன ஓடுச்சு?" என்று கேட்பார். "நான் எதுக்கும் லாயக்கில்லைன்னு தோணிச்சு" என்பாள் அவள். "அவங்க கேட்டது இட்லியைப் பத்தி. லாயக்கில்லைங்கிறது எங்கேருந்து வந்துச்சு?" அங்கிருந்து பேச்சு எங்கெங்கோ போகும். பள்ளிக்கூட நாளுக்குப் போகலாம், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் பார்க்கிற புருஷனுக்குப் போகலாம். அடுத்த முறை அதே கேள்வி வரும்போது வெடிக்காமலும் உள்ளே போட்டுப் புழுங்காமலும் என்ன பதில் சொல்லலாம் என்று சேர்ந்து யோசிப்பார்கள். அதை வீட்டில் செய்து பார்த்துவிட்டு அடுத்த வாரம் வந்து சொல்வாள். பெரும்பாலும் இவ்வளவுதான். மெதுவான வேலை, சில மாதங்கள் பிடிக்கும்.

பைத்தியமா என்ற கேள்விக்கு வருகிறேன். நம் பக்கத்தில் மனசு சரியில்லை என்றாலே குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் தங்கவைப்பதுதான் நினைவுக்கு வரும். உங்கள் மனைவியின் கண்ணீருக்குப் பின்னால் அந்தப் பயம்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அவர்களிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். கோபம், தனிமை, பிள்ளை வளர்ப்பில் வரும் சலிப்பு, தூரத்தில் இருக்கும் கணவனோடு போனிலேயே குடும்பம் நடத்தும் பாரம், இதற்கெல்லாம்தான் கவுன்சலிங். நோய் முற்றும்வரை காத்திருந்து போகிற இடம் இல்லை.

ஒன்றை மட்டும் நீங்கள் தாராளமாகக் கேட்கலாம், மாமனாராகக் கேட்கவும் வேண்டும். பேசுகிறவர் யார், என்ன படித்தவர்? சமீப காலத்தில் சில நாள் வகுப்புக்குப் போய் வந்தவர்களும் கவுன்சலர் என்று போட்டுக்கொள்கிறார்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும். மனநல மருத்துவர் என்றால் மருத்துவக் கவுன்சில் எண். மாத்திரை எழுதும் உரிமை மருத்துவருக்கு மட்டுமே. மற்றவர்கள் உளவியலிலோ மனநலச் சமூகப் பணியிலோ மேற்படிப்பு முடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். நாலே தடவையில் சரியாக்கிவிடுவேன் என்பவர், பரிகாரம் சொல்பவர், முதல் நாளே பிரிந்து வந்துவிடு என்பவர், யாராக இருந்தாலும் அங்கே நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் என்ன பேசினாள் என்று மட்டும் கேட்காதீர்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவே இந்த ரகசியத்துக்குப் பாதுகாப்பு தருகிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில நிலைகளில்தான் விலக்கு.

வீடியோ பேச்சு எல்லாவற்றுக்கும் போதாது. சாப்பாடு தூக்கம் இல்லாமல் வாரக்கணக்கில் போனாலோ, செத்துப்போகலாம் என்ற பேச்சு வந்தாலோ, காதில் குரல் கேட்கிறது என்றாலோ, திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ தஞ்சாவூருக்கோ நேரில் கூட்டிப்போக வேண்டும். அடி உதை நடக்கிற வீடு என்றால் 181 பெண்கள் உதவி எண். உங்கள் வீடு அப்படி இல்லை, இதைப் படிக்கிற வேறு யாருக்காவது பயன்படட்டும்.

உங்கள் மகனைப் பற்றி ஒரு வார்த்தை. பணம் கட்டியதோடு அவன் கடமை முடியவில்லை. ஆலோசகர் சம்மதித்தால், மருமகளும் விரும்பினால், ஒரு நாள் அவனும் அந்த அழைப்பில் சேரட்டும். இங்கே மூன்று மணி என்றால் அங்கே ஐந்தரை. மூன்று ஊரில் இருந்துகொண்டு மூன்று பேர் சேர்ந்து பேச முடிவது ஆன்லைனில் மட்டும்தானே. நீங்கள் அந்த நேரத்தில் பேரப்பிள்ளைகளை வாய்க்கால் கரைக்கோ கோயிலுக்கோ கூட்டிப்போங்கள். கீழே பிள்ளை அழுகிற சத்தம் கேட்டால் மாடியில் அவளால் மனசு விட்டுப் பேச முடியாது.

இனி உங்களைப் பற்றி. கடிதத்தின் கடைசி வரிகளில் என் மனம் நின்றுவிட்டது. அறுத்த நெல் கண்ணெதிரில் நனைந்து, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று மூட்டைகளை எடுக்காமல் தள்ளிப்போட, தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு காவல் கிடந்தவருக்குத் தூக்கம் கெடுவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் மழை விட்டு மாதங்கள் ஆன பிறகும் இரண்டு மணிக்கே விழிப்பு வருகிறது என்றால், அதை வயசு என்றும் கவலை என்றும் ஒதுக்கிவிடக் கூடாது. 14416 என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். டெலி மானஸ் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. இலவசம், இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். வீடியோ எல்லாம் வேண்டாம், பட்டன் போனே போதும். தேவைப்பட்டால் மருத்துவரிடம் அனுப்பும் வழியையும் அவர்களே சொல்வார்கள்.

வீட்டில் பேசக் கூச்சமாக இருந்தால் வயலுக்குப் போகும்போது பேசுங்கள். நெல்லைப் பற்றியே ஆரம்பியுங்கள்.

அன்புடன்.