எச்-1பி விசாவில் இருந்துகொண்டு டெக்சாஸ் கிராமத்தில் பத்தரை ஏக்கர் வாங்கலாமா?

கேள்வி: டாலஸ் பக்கம் ஃபிரிஸ்கோவில் வாடகை வீட்டில் இருக்கிறோம். எனக்கு எச்-1பி வேலை விசா, கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போட்ட ஐ-140 மனு அப்ரூவ் ஆகிவிட்டது. மனைவிக்கு என் விசாவைச் சார்ந்த எச்-4, வேலை செய்ய இஏடி என்ற அனுமதி கார்டும் இருக்கிறது. ஆபீஸ் இர்விங்கில் இருந்தாலும் முழுக்க வீட்டிலிருந்தே வேலை, அதனால் எங்கே இருந்தாலும் ஒன்றுதான். ஃபேனின் கவுன்ட்டியில் பானம் ஊருக்குப் பக்கத்தில் வீட்டோடு 10.5 ஏக்கர் பார்த்திருக்கிறோம். ஏஜென்ட் நம்மூர்க்காரர். 'ஆக் எக்ஸம்ப்ஷன் நிலத்தோடயே வருது, வரி ரொம்பக் கம்மி' என்கிறார். விவசாய நிலத்துக்கான வரிச் சலுகையாம். நண்பர்களோ, இந்தியர்கள் நிலம் வாங்க டெக்சாஸில் தடை வந்துவிட்டது, அது தீவிர கன்சர்வேடிவ் கவுன்ட்டி, போகாதே என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: நிலம் வாங்கத் தடை இல்லை. உங்கள் நண்பர்கள் சொல்வது எஸ்.பி. 17 என்ற சட்டம். 2025 செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. அதில் வருவது சீனா, ஈரான், வட கொரியா, ரஷ்யா ஆகிய நான்கு நாடுகள். இந்தியா அதில் இல்லை. பட்டியலில் வேறு நாட்டைச் சேர்க்க கவர்னருக்கு அதிகாரம் உண்டு என்பதால், கையெழுத்துப் போடும் வாரத்தில், நிலத்தின் உரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அது போதும். வாட்ஸ்அப்பில் வருவதை வைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

என்னைக் கவலைப்பட வைப்பது உங்கள் கேள்வியில் போகிற போக்கில் வரும் 'எங்கே இருந்தாலும் ஒன்றுதான்' என்ற வரி. விசா விஷயத்தில் அது உண்மை இல்லை. உங்கள் எச்-1பி ஒரு வேலைக்கும், அந்த வேலை நடக்கிற இடத்துக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. வீட்டிலிருந்து வேலை செய்தால் வீடுதான் வேலை இடம். கம்பெனி உங்களுக்காகத் தொழிலாளர் துறையில் போட்ட எல்சிஏ என்ற தாளில் ஒரு பகுதியின் பெயர் இருக்கும். அந்தப் பகுதிக்கு வெளியே வேலை இடம் மாறினால், மாறுவதற்கு முன்பே கம்பெனி புது எல்சிஏ வாங்கி, திருத்திய மனுவைக் குடிவரவுத் துறையான யுஎஸ்சிஐஎஸ்ஸில் போட வேண்டும். 2015-இல் சிமியோ என்ற வழக்கின் முடிவில் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டார்கள். 2025 ஜனவரியில் வந்த புது எச்-1பி விதிகளின்படி, சோதனைக்கு வரும் அதிகாரி வீட்டிலிருந்து வேலை செய்பவரின் வீட்டுக்கும் வரலாம்.

'விலாசம் மாறினதும் ஏஆர்-11 போட்டுவிட்டேன்' என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம். ஏஆர்-11 என்பது குடியிருக்கும் விலாசத்தைத் தெரிவிக்கும் படிவம். பத்து நாளைக்குள் அதைப் போடத்தான் வேண்டும். ஆனால் வேலை இடத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இது தெரியாமல் மாதக்கணக்கில் வேறு கவுன்ட்டியில் இருந்து வேலை செய்துவிட்டு, விசா நீட்டிப்பு சமயத்தில் வந்து நிற்கிறார்கள். அப்போது சரிசெய்வது கடினம்.

இதில் ஒரு விலக்கு இருக்கிறது. உங்கள் முடிவே அதைப் பொறுத்து மாறலாம் என்பதால் நிதானமாகப் படியுங்கள். எல்சிஏவில் உள்ள அதே பெருநகரப் பகுதிக்குள் மாறினால் திருத்திய மனு தேவையில்லை. டாலஸ் பெருநகரப் பகுதியில் காலின், டாலஸ், டென்டன், எலிஸ், ஹன்ட், காஃப்மன், ராக்வால், ஜான்சன், பார்க்கர், டாரன்ட், வைஸ் என்று 11 கவுன்ட்டிகள் இருக்கின்றன. ஃபேனின் இதில் இல்லை. அதற்குத் தெற்கே ஒட்டியிருக்கும் ஹன்ட் கவுன்ட்டி இருக்கிறது. அதாவது கவுன்ட்டி எல்லைக்கு அந்தப் பக்கம் அதே மாதிரி மண், அதே மாதிரி கிராமம், அதே மாதிரி ஓட்டுப் போடும் மக்கள். ஆனால் உங்கள் கம்பெனிக்கு வேலை பாதியாகக் குறையும்.

அந்த 11 கவுன்ட்டிக்கு வெளியே இருந்தாலும், தினமும் போய்வரக்கூடிய சாதாரணத் தூரத்துக்குள் இருந்தால் அதே பகுதி என்று எடுத்துக்கொள்ளலாம். இத்தனை மைல் என்று விதியில் அளவு எதுவும் சொல்லவில்லை. ஃபேனினின் தென்மேற்கு மூலையில் உள்ள ட்ரென்டன், லெனர்ட் போன்ற ஊர்களில் இருந்து காலின் கவுன்ட்டியில் உள்ள மெக்கின்னிக்குத் தினம் வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. ஆபீஸ் மெக்கின்னியில் இருந்திருந்தால் ஒரு வக்கீல் துணிந்து அப்படி வாதாடலாம். உங்கள் ஆபீஸ் இர்விங்கில் இருக்கிறது, வீடு பானம் பக்கம். இந்த வாதத்தை நம்பி நான் கையெழுத்துப் போட மாட்டேன். இதைத் தீர்மானிக்க வேண்டியது கம்பெனியின் வக்கீல். ஏஜென்டோ நீங்களோ தீர்மானிக்க முடியாது. வக்கீல் ஒப்புக்கொண்டால், எல்சிஏ பிரதியைப் புது வீட்டில் இரண்டு இடங்களில் பத்து நாள் ஒட்டி வைத்தால் போதும். உங்கள் வீட்டுச் சுவரில் உங்கள் சம்பள விவரத்தை ஒட்டுவதால் எந்த அமெரிக்கத் தொழிலாளிக்கு என்ன பாதுகாப்பு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஆனாலும் ஒட்டுங்கள், தேதியோடு போட்டோ எடுத்து எச்.ஆருக்கு அனுப்புங்கள்.

திருத்திய மனுதான் என்றானால் பயப்பட வேண்டாம். எல்சிஏவுக்கு ஏழு வேலை நாள் ஆகும். மனு போய்ச் சேர்ந்ததுமே புது இடத்தில் வேலையைத் தொடங்கலாம், அப்ரூவல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. புது எச்-1பி மனுக்களுக்கு விதித்த அந்த ஒரு லட்சம் டாலர் கட்டணம் பற்றிக் கேட்பீர்கள். நாட்டுக்குள்ளேயே முறையான விசாவில் இருப்பவருக்குப் போடும் திருத்த மனுவுக்கு அது இல்லை என்று 2025 அக்டோபரில் யுஎஸ்சிஐஎஸ் சொல்லிவிட்டது. கிரீன் கார்டுக்காகத் தொழிலாளர் துறையில் வாங்கிய பெர்ம் என்ற சான்று எந்த ஊர் வேலைக்கு என்பதையும் அதே மூச்சில் வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.

இனி அந்த 10.5 ஏக்கர். ஏன் பத்தரை, ஏன் எட்டு இல்லை என்று ஏஜென்டைக் கேட்டீர்களா? டெக்சாஸில் பெரிய நிலத்தைப் பிரித்து விற்றால் கவுன்ட்டியிடம் வரைபடம் கொடுத்து, சாலை, வடிகால் எல்லாம் காட்டி அனுமதி வாங்க வேண்டும். ஒவ்வொரு துண்டும் பத்து ஏக்கருக்கு மேல் இருந்து, புதிதாகத் தெரு எதுவும் போடாவிட்டால் அந்த அனுமதி தேவையில்லை. அதனால்தான் கவுன்ட்டி ரோட்டை ஒட்டி நீள நீளமாக 10.1, 10.5 என்று கீறி விற்கிறார்கள். விற்பவருக்கு அலைச்சல் மிச்சம். மழைத் தண்ணீர் எங்கே போகும், குடிநீர் மீட்டர் கிடைக்குமா என்று யாரும் பார்த்திருக்கவில்லை என்பது வாங்குகிறவரின் பாடு. 'தண்ணி லைன் ரோட்டுல போகுது சார்' என்பது பதில் ஆகாது. உங்கள் மனைக்கு மீட்டர் இருக்கிறதா, இல்லையென்றால் எப்போது, என்ன செலவில் கிடைக்கும் என்று அந்தப் பகுதித் தண்ணீர் சப்ளை நிறுவனத்திடமே எழுத்தில் வாங்குங்கள்.

அதே பத்து ஏக்கர்தான் உங்களை இன்னொரு இடத்திலும் பிடிக்கிறது. அமெரிக்கக் குடியுரிமையும் கிரீன் கார்டும் இல்லாத ஒருவர் மொத்தமாகப் பத்து ஏக்கருக்கு மேல் விவசாய நிலம் வாங்கினால், 90 நாளைக்குள் எஃப்எஸ்ஏ-153 என்ற படிவத்தை அந்தக் கவுன்ட்டிக்கான எஃப்எஸ்ஏ (மத்திய விவசாயத் துறையின் கிளை) அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். 1978-ஆம் வருடச் சட்டம். கொடுக்காவிட்டால் நிலத்தில் உங்களுக்குள்ள பங்கின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம் போட இடமிருக்கிறது. எச்-1பிக்காரர் இதில் அந்நியர்தான். பத்திரத்தில் மனைவி பெயர் இருந்தால் அவரும் அந்நியர்தான். இப்போது உழவு இல்லாமல் சும்மா கிடந்தாலும், கடந்த ஐந்து வருடத்தில் விவசாயம் நடந்திருந்தால் அது விவசாய நிலமே. இந்தச் சட்டத்தைப் பற்றி வாய் திறக்கும் ஏஜென்டை நான் பார்த்ததில்லை. விற்பனைக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை, அவ்வளவுதான். படிவத்துக்குக் கட்டணம் கிடையாது. போட்டுத் தருகிறேன் என்று காசு கேட்பவர்களிடம் போகாதீர்கள்.

எனக்கு இதில் கோபம் உண்டு. ஆயிரக்கணக்கான ஏக்கரை வளைக்கும் வெளிநாட்டு நிதி நிறுவனத்துக்கும், வருடக்கணக்காக இங்கே வரி கட்டிவிட்டு கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் குடும்பத்துக்கும் ஒரே படிவம், ஒரே அபராதம். அந்த வரிசையை இவ்வளவு நீளமாக்கியதும் இதே அரசாங்கம்தான்.

ஆக் எக்ஸம்ப்ஷனுக்கு வருவோம். அது நிலத்தோடு ஒட்டிக்கொண்டு வருவதில்லை. உரிமையாளர் மாறினால் புது உரிமையாளர், வரிக்காக நிலத்தை மதிப்பிடும் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்டில் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், ஏப்ரல் மாதத்துக்குள். நிலம் கடந்த ஏழு வருடத்தில் ஐந்து வருடமாவது விவசாயத்தில் இருந்திருக்க வேண்டும், இனியும் தொடர வேண்டும். விவசாயத்தை விட்டுவிட்டு வேறு உபயோகத்துக்கு மாற்றினால் முந்தைய மூன்று வருடத்து வரி வித்தியாசத்தையும் சேர்த்துக் கேட்பார்கள். வீடு நிற்கும் பகுதிக்கு எப்படியும் முழு மதிப்பில்தான் வரி.

அப்படியானால் விவசாயம் யார் செய்வது? நீங்கள் செய்யக்கூடாது. வீட்டுச் சமையலுக்கு வெண்டை, கத்தரி போடுவதை யாரும் கேட்கமாட்டார்கள். ஆடு வளர்த்து விற்பது, முட்டை விற்பதெல்லாம் எச்-1பிக்கு அனுமதியில்லாத வேலை. எளிய வழி, வைக்கோல் வெட்டும் பக்கத்துக்காரருக்கோ மாடு மேய்ப்பவருக்கோ நிலத்தைக் குத்தகைக்கு விடுவது. 5 முதல் 20 ஏக்கர் வரை தேனீ வளர்ப்பையும் டெக்சாஸ் விவசாயமாக ஏற்கிறது, தேனீக்காரருக்குக் குத்தகை கொடுப்பவர்கள் நிறைய. யார் செய்தாலும் நிலம் விவசாயத்தில் இருந்தால் சரி. மனைவி இஏடியை வைத்துத் தாராளமாகப் பண்ணைத் தொழில் செய்யலாம். ஆனால் 2025 அக்டோபர் 30 முதல் போடும் இஏடி புதுப்பித்தல்களுக்குத் தானாகக் கிடைத்த நீட்டிப்பை எடுத்துவிட்டார்கள். கார்டு தேதி முடிந்து புதுசு வரவில்லை என்றால் அன்றே அவர் தொழிலை நிறுத்த வேண்டும். ஆகவே அப்போதும் குத்தகைதான் பத்திரம்.

ஏஜென்ட் நம்மூர்க்காரர் என்று எழுதியிருக்கிறீர்கள். விற்பவருக்கும் அவர்தான் ஏஜென்டா? ஒரே புரோக்கர் இரண்டு பக்கமும் நிற்க டெக்சாஸ் சட்டம் அனுமதிக்கிறது, இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் போதும். அப்படி நிற்பவரால் உங்கள் பக்கம் சாய்ந்து பேச முடியாது. பேசுகிற பாஷையைப் பார்த்து நம்பாதீர்கள். உங்களுக்கென்று தனி ஏஜென்ட் வையுங்கள், அவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

மனிதர்களைப் பற்றிய பயத்துக்குச் சட்டப் புத்தகத்தில் கொஞ்சம்தான் பதில் இருக்கிறது. அங்கே பத்து ஓட்டில் எட்டு குடியரசுக் கட்சிக்கு விழுகிறது, அது உண்மை. மதம், நிறம், பிறந்த நாடு காரணமாக வீடு விற்க மறுத்தால் 1968-ஆம் வருட ஃபேர் ஹவுசிங் சட்டம் இருக்கிறது. 'நீங்க எந்த சர்ச்?' என்று முதல் நாளே கேட்பார்கள். பெரும்பாலும் அது பழகுவதற்காகக் கேட்பது, கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லுங்கள். குழந்தைகளுக்காகப் பள்ளியை ஒரு வேலை நாளில் நேரில் போய்ப் பாருங்கள். கிராமத்துப் பள்ளிகள் பல வாரத்துக்கு நான்கு நாள்தான் நடக்கின்றன. இலையுதிர் காலம் என்றால் வெள்ளிக்கிழமை ராத்திரி ஃபுட்பால் மைதானத்தில் குடும்பத்தோடு உட்காருங்கள், ஊர் முழுக்க அங்கேதான் இருக்கும். உங்கள் மனைவிக்கு அங்கே எப்படி இருக்கிறது என்பதுதான் பதில், நண்பர்கள் சொல்வது அல்ல.

குடிபோன பிறகு 30 நாளைக்குள் டிரைவிங் லைசென்ஸில் விலாசம் மாற்றுவீர்கள். அங்கே வாக்காளராகப் பதிய விருப்பமா என்று ஒரு கேள்வி இருக்கும். இருவரும் 'இல்லை' என்றே குறியுங்கள். கவனிக்காமல் 'ஆம்' என்று டிக் அடித்துவிட்டால் கிரீன் கார்டே கைவிட்டுப் போகலாம், தெரியாமல் செய்தேன் என்றால் கேட்கமாட்டார்கள்.

ஒப்பந்தத்தில் ஆப்ஷன் காலம், அதாவது காரணம் சொல்லாமலே நீங்கள் விலகிக்கொள்ளக்கூடிய காலம், எத்தனை நாள் என்று நீங்கள் எழுதவில்லை. இன்றே எச்.ஆருக்கு மெயில் போடுங்கள், புது விலாசத்தை முழுதாக எழுதி. பதில் வருவதற்குள் ஆப்ஷன் முடிந்துவிடும் போலிருந்தால் நீட்டிப்புக் கேளுங்கள், தராவிட்டால் அந்த நிலத்தை விட்டுவிடுங்கள்.