பரணை அறையாக மாற்றலாமா?

ஓட்டுக் கூரைக்குக் கீழே பெரிய பரண் சும்மா கிடக்கிறது, அதைப் படுக்கையறையாகவோ படிக்கும் அறையாகவோ மாற்ற முடியுமா, எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மாற்றிவிட்டேன். இந்தப் பதிலையே அந்த அறையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். வேலை முடிய 8 மாதம் ஆனது. அதில் 3 மாதம் என் தவறுகளைத் திருத்தவே போனது.

எல்லோரையும் போல நானும் ஜன்னல் எங்கே வைக்கலாம், சுவருக்கு என்ன நிறம் என்றுதான் யோசிக்க ஆரம்பித்தேன். முதலில் யோசித்திருக்க வேண்டியது படிக்கட்டை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கீழ்த் தரையிலிருந்து பரண் தரை வரை 10 அடி, அதாவது 120 அங்குலம். ஒரு படியின் உயரம் ஏழரை அங்குலம் என்றால் 16 ஏற்றம், 15 மிதி (கால் வைக்கும் பலகை). ஒரு மிதிக்கு 10 அங்குலம் வைத்தால் படிக்கட்டின் நீளம் மட்டும் பன்னிரண்டரை அடி. அகலம் 3 அடி. மேலும் கீழும் நின்று திரும்ப இடம் தனி. ஏறும்போது தலை இடிக்காமல் இருக்க ஒவ்வொரு படிக்கும் மேலே ஏறக்குறைய 6 அடி 8 அங்குலம் வேண்டும். கூரையோ சரிந்து இறங்குகிறது, ஆகவே படிக்கட்டு முகட்டுக்குக் கிட்டத்தில்தான் போய் முடிய முடியும். நாம் நினைக்கிற மூலையில் அது வராது. எங்கள் வீட்டில் கீழே இருந்த சின்ன அறையில் பாதியை அது விழுங்கிவிட்டது. "மேலே ஒரு அறை கிடைக்கக் கீழே ஒரு அறையைக் கொடுத்தவன்" என்று அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மடக்கு ஏணி போதாதா என்று கேட்பீர்கள். சாமான் எடுக்கப் போதும். ராத்திரி தூக்கக் கலக்கத்தில் இறங்குகிறவருக்குப் போதாது.

அடுத்தது உயரம். வீட்டின் அகலம் 24 அடி, கூரைச் சரிவு 45 டிகிரி என்றால் நடுவில் 12 அடி கிடைக்கும். அதிலும் 7 அடிக்கு மேல் உயரம் உள்ள பகுதி நடுவே 10 அடி அகலம்தான். அதே வீட்டில் சரிவு 30 டிகிரி என்றால் முகட்டுக்கு நேர் கீழே கூட 7 அடி முழுசாக வராது. அப்படியானால் கூரையையே உயர்த்த வேண்டும், அது வேறு செலவு, வேறு வேலை. டேப் பிடிக்கும்போது புதுத் தரையும் உள்கூரையும் சேர்ந்து ஒரு அடிக்கு மேல் தின்னும் என்பதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

சரி, உயரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அண்ணாந்து பாருங்கள். இரண்டு பக்கமும் கைமரங்கள் சரிந்து நடுவே வெறும் வெளியாக இருந்தால் நல்லது. நடுவில் டபிள்யூ எழுத்து மாதிரி சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாகப் போனால் அது டிரஸ் கூரை. அதில் ஒவ்வொரு சட்டமும் பாரத்தைச் சுமக்கிறது. வழியில் இருக்கிறதே என்று ஒன்றைக் கூட அறுக்கக் கூடாது. வெறும் கைமரக் கூரையிலும் கீழே கிடையாகப் போகும் விட்டங்களைத் தொடாதீர்கள். கால்களை அகல விரித்து நிற்கிறவனின் இரண்டு கணுக்காலையும் சேர்த்துக் கட்டிய கயிறு மாதிரி அவை. கயிற்றை அறுத்தால் கால் வழுக்கும், அதாவது சுவர் வெளியே சாயும். எங்கள் தச்சர் இரண்டை எடுத்துவிடலாம் என்றார். நல்லவேளை, அன்று கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் உடன் இருந்தார்.

அந்தப் பொறியாளரை நான் கூப்பிட்டதே முதல் தவறுக்குப் பிறகுதான். பரண் தரை கெட்டியாகத்தான் தெரிந்தது. பிளைவுட் அடித்து, ஒரு புத்தக அலமாரியும் வைத்துவிட்டேன். ஒரு மாதத்தில் கீழ் அறையின் உள்கூரையில் நீளமாக விரிசல். பரண் சட்டங்களை உள்கூரையைத் தாங்கவும் கொஞ்சம் பெட்டி படுக்கை வைக்கவும்தான் போடுவார்கள், சதுர மீட்டருக்கு 25 முதல் 50 கிலோ கணக்கில். மனிதர் வாழும் தளத்துக்கு 150 முதல் 200 கிலோ கணக்கிடுவது வழக்கம். பழைய சட்டங்களுக்குப் பக்கத்திலேயே ஆழமான புதுச் சட்டங்களைச் சுவரிலிருந்து சுவருக்குப் போட்டோம். 6 அங்குலச் சட்டத்துக்குப் பதில் அதே தடிமனில் 8 அங்குலச் சட்டம் போட்டால் விறைப்பு இரண்டு மடங்குக்கு மேல் கூடிவிடும். புதுச் சட்டங்கள் கீழ் உள்கூரையைத் தொடாதபடி சற்றுத் தூக்கி வைத்ததால் மேலே நடக்கிற சத்தமும் குறைந்தது.

வெயிலும் ஈரமும்தான் உண்மையான தலைவலி. கறுத்த கூரை நல்ல வெயிலில் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். செலவழிக்கும் முன் ஒரு நாற்காலியைப் போட்டு உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் பரணில் உட்கார்ந்து பாருங்கள். அடைமழை நாளில் டார்ச்சோடு இன்னொரு தடவை ஏறிப் பாருங்கள், முக்கியமாகப் புகைபோக்கியைச் சுற்றியும் இரண்டு கூரைகள் கூடும் இடத்திலும். ஒழுகலை அடைக்காமல் இன்சுலேஷன், அதாவது வெப்பத்தைத் தடுக்கும் அடைப்பு, வைத்தால் அது நனைந்து கிடப்பதே தெரியாது.

என் இரண்டாவது தவறு அந்த இன்சுலேஷனில். கைமரங்களுக்கு நடுவே ஓட்டடிப் பலகை வரை நெருக்கித் திணித்துவிட்டேன். ஒரு குளிர்காலம் போனதும் பலகையில் கரும்பூஞ்சை. அறைக்குள் இருக்கும் ஈரக் காற்று மேலே கசிந்து குளிர்ந்த பலகையில் பட்டு நீராகிறது, அது காய வழியில்லை. எல்லாவற்றையும் பிரித்து, கூரையின் கீழ்விளிம்பிலிருந்து முகடு வரை 2 அங்குலம் காற்று ஓட இடம் விட்டு மறுபடி வைத்தோம். ஈரத்தைத் தடுக்கும் தாளைக் குளிர் ஊர்களில் அறைப் பக்கம் போடுவார்கள். வெப்பமும் புழுக்கமும் உள்ள ஊரில், அதுவும் ஏசி ஓடும் அறையில், அப்படிப் போட்டால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். வெயிலின் சூட்டைத் தடுக்கப் போடும் பளபளப்பான அலுமினியத் தாள் ஒரு பக்கமாவது காற்று இடைவெளியைப் பார்த்து இருந்தால்தான் வேலை செய்யும். இரண்டு பக்கமும் ஒட்டிவிட்டால் வெறும் அலங்காரம். இன்னொன்று, சரிவின் ஓரத்தில் எழுப்பும் குட்டைச் சுவருக்குப் பின்னால் தரைச் சட்டங்களின் இடுக்கை அடைத்துவிடுங்கள். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அடைக்காவிட்டால் காற்று அந்த வழியாகத் தரைக்கு அடியிலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

பழைய வீடு என்றால் சுத்தம் செய்வதிலும் அவசரம் வேண்டாம். மினுமினுக்கும் கூழாங்கல் மாதிரித் துகள்கள் கொட்டிக் கிடந்தால் அது வெர்மிகுலைட் என்ற பழைய கனிம இன்சுலேஷனாக இருக்கலாம். சிலவற்றில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்திருக்கும், சோதிக்கும் வரை கிளறாதீர்கள். வௌவால் எச்சத்தைக் காய்ந்தபடி பெருக்க வேண்டாம், முகக்கவசம் போட்டு, தண்ணீர் தெளித்து அள்ளுங்கள்.

யாராவது தூங்கப் போகிற அறை என்றால், தீப்பிடித்தால் தப்பிக்க, ஒரு பெரியவர் நுழைந்து வெளியேறும் அளவுக்கு ஜன்னல் வேண்டும், அதன் அடிவிளிம்பு தரையிலிருந்து 1.1 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. மேலும் கீழும் சேர்ந்தே அலறும் புகை அலாரம் வையுங்கள். கட்டட அனுமதியை வேலைக்கு முன் வாங்குங்கள். குளியலறையும் மேலேயே வேண்டுமென்றால் கீழ்க் குளியலறைக்கு நேர் மேலே வையுங்கள். கழிவுக் குழாய்க்குச் சரிவு கொடுக்க சட்டங்களைக் குடைய வேண்டி வராது.

அப்புறம், கட்டில். படிக்கட்டு முடிந்த பிறகுதான் அதை ஏற்றப் பார்த்தோம். திருப்பத்தில் மாட்டியது. இரண்டாக அறுத்து, மேலே கொண்டுபோய் ஆணி அடித்துச் சேர்த்திருக்கிறோம். புரண்டு படுத்தால் கிறீச் என்கிறது.