கவுண்டருக்கு அந்தப் பக்கம்

(சிங்கப்பூரில் 31 ஆண்டுகள் அரசாங்க அலுவலகக் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்)

அம்மாவுக்கு 76 வயது. தனியாக இருக்கிறார். அரசாங்கம் வீடுகளுக்குக் கொடுக்கும் சிடிசி பற்றுச்சீட்டு வரும்போதெல்லாம் கைப்பேசியோடு மல்லுக்கட்டுகிறார். அரசாங்க இணையச் சேவைகளுக்கான அவருடைய சிங்பாஸ் கடவுச்சொல்லை நானே வைத்துக்கொள்ளலாமா?
– வாசகி, ஈசூன்

வேண்டாம், தங்கச்சி. அந்தக் கடவுச்சொல் பற்றுச்சீட்டுக்கு மட்டுமா? அம்மாவின் மத்திய சேமநிதி (மசேநி) கணக்கும் அதில்தான் திறக்கும். மகள் நல்லவள்தான், பழக்கம் நல்லதில்லை.

பற்றுச்சீட்டு ஒரு வீட்டுக்கு ஒன்று. அம்மா தனி வீட்டில் இருப்பதால் அவர் பெயரில்தான் எடுக்க வேண்டும். ஒருநாள் அவரைச் சமூக மன்றத்துக்கு அழைத்துப் போங்கள். அங்கே உதவி செய்வார்கள், தாளிலும் அச்சடித்துக் கொடுப்பார்கள். கைப்பேசியிலேயே எடுத்தால் குறுஞ்செய்தியில் ஓர் இணைப்பு வரும். அதை அம்மா உங்களுக்கு அனுப்பி வைக்கலாம். அப்புறம் கடையில் காட்ட சிங்பாஸ் தேவையில்லை. சிங்பாஸ் செயலியைத் தமிழிலும் மாற்றிக்கொள்ளலாம் என்பதை அம்மாவிடம் சொன்னீர்களா? என் மாமியாருக்கு அதைக் காட்டிய பிறகுதான் பாதி பயம் போனது.

இன்னொன்று: உணவங்காடிக்கும் அக்கம்பக்கக் கடைகளுக்கும் ஒரு பங்கு, பேரங்காடிக்கு ஒரு பங்கு. மாற்றிக் காட்டினால் எடுக்காது. மீதிச் சில்லறையும் கிடையாது. என் மாமியார் ஒரு தே தாரிக்குக்கு 10 வெள்ளிச் சீட்டை அழுத்திவிட்டார். கடைக்கார பாய் நல்ல மனிதர், மீதிக்கு மூன்று நாள் பரோட்டா கொடுத்தார்.

அரசாங்கம் அனுப்பியதாக வரும் குறுஞ்செய்தியை எப்படி நம்புவது?
– வாசகர், உட்லண்ட்ஸ்

2024 ஜூலை 1 முதல் பெரும்பாலான அரசாங்க அமைப்புகளின் குறுஞ்செய்தி 'கவ்.எஸ்ஜி' (gov.sg) என்ற ஒரே பெயரில்தான் வரும். சந்தேகம் வந்தால் மோசடி உதவி எண் 1799க்குக் கூப்பிடுங்கள். கடவுச்சொல்லைக் கேட்டால் சந்தேகப்படக்கூட வேண்டாம், மோசடிதான்.

எல்லாவற்றையும் கைப்பேசிக்குள் திணிப்பதற்குப் பெயர்தான் புத்தாக்கமா? வேலையை நம் தலையில் கட்டிவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.
– வாசகர், தோ பாயோ

பாதி ஒத்துக்கொள்கிறேன். 2003இல் சிங்பாஸ் வந்தபோது உங்களைவிட அதிகமாக முணுமுணுத்தவன் நான்.

ஆனால் 1994இல் என் அப்பா இறந்த நாளைச் சொல்ல வேண்டும். அப்போது இறப்பை 24 மணி நேரத்துக்குள் பதிவு செய்தாக வேண்டும். உடலை வீட்டில் கிடத்திவிட்டு, மருத்துவர் கொடுத்த தாளையும் அப்பாவின் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு நானும் அண்ணனும் அக்கம்பக்கப் போலிஸ் நிலையத்துக்கு ஓடினோம். அப்பாவின் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று அங்கே நின்று இருவரும் சண்டை போட்டோம். கீழ்த்தளத்தில் உறவுக்காரர்கள் எங்களுக்காகக் காத்திருந்தார்கள்.

2022 மே 29 முதல் அந்த ஓட்டம் இல்லை. இங்கே ஒருவர் இறந்தால், மருத்துவர் இணையத்தில் சான்றளித்ததுமே பதிவு முடிந்துவிடுகிறது. சான்றிதழைப் பிறகு 'மை லெகசி' தளத்தில் இறக்கிக்கொள்ளலாம். மருத்துவருக்குத் தெரிந்த விஷயத்தை மகன் எதற்கு இன்னொரு முறை வந்து சொல்ல வேண்டும் என்று யாரோ ஓர் அதிகாரி கேட்டிருக்கிறார், பாருங்கள், அதைத்தான் நான் புத்தாக்கம் என்பேன். 2016இல் வந்த மைஇன்ஃபோவும் அதே ரகம். அரசாங்கத்திடம் ஏற்கெனவே இருக்கும் விவரத்தைப் படிவம் தானாகவே நிரப்பிக்கொள்கிறது.

கவுண்டரில் நான் பார்த்தது வேறொன்று. சுலபமான வேலையெல்லாம் இணையத்துக்குப் போன பிறகு, எங்களிடம் வந்தவர்கள் சிக்கலோடு வந்தவர்கள்தான்: தாள் தொலைத்தவர், கணவர் பெயரில் எல்லாம் இருந்த விதவை, எழுதத் தெரியாதவர். அவர்களோடு அரை மணி நேரம் உட்கார எனக்கு நேரம் கிடைத்தது. அந்த நாற்காலியையும் எடுத்துவிட்டால் உங்கள் கோபம் நியாயம்.

போன மாதம் எனக்கே நடந்தது. ஓர் அலுவலகத்தில் என் முகவரியைப் பற்றி ஒரு சின்னக் கேள்வி. கவுண்டர் பையன் சுவரில் இருந்த கியூஆர் குறியீட்டைக் காட்டினான். கைப்பேசியில் சார்ஜ் இல்லை என்றேன். “சார்ஜ் போட்டுக்கொண்டு வாருங்கள், அங்கிள்” என்றான், மிகவும் மரியாதையாக. வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தேன். வேலை இரண்டு நிமிடம். பேருந்தில் போய்வர 50 நிமிடம்.